மாமியாருக்குக் கொஞ்சம் கூடுதல் குளிர்

ஐஸ்காரர் ஐஸ்கிரீம் விற்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவர் ஓட்டுவது சுகாதாரத் துறையின் வெள்ளை வண்டி. பின்னால் இருப்பது தடுப்பூசி மருந்து. இருந்தாலும் அவர் வண்டி போய் நிற்கும் இடங்களில் எல்லாம், "ஐஸ்காரர் மருந்து கொண்டாந்துட்டார்" என்றுதான் உள்ளே குரல் போகும். அவரும் திருத்த மாட்டார். ஒரு மனிதனுக்கு இதுதான் பெயர் என்று நாலு பேர் முடிவுகட்டிவிட்டால், அதை எதிர்த்து மனுப் போட ஒரு ஆபீசும் கிடையாது.

மீசை அரும்பிய வயதில் ஐஸ்கிரீம் வண்டியில் ஏறியவர், மீசை நரைத்த பிறகுதான் இறங்கினார். அந்தத் தொழிலில் பாவம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது உருகுவது. காலையில் வண்டி கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து ஆள்காட்டி விரலை உள்சுவரில் வைப்பார். விரல் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோல் கொஞ்சம் இழுபட வேண்டும். இழுபட்டால் அன்றைய பொழுது நன்றாகப் போகும். இழுபடவில்லை என்றால் கம்பெனிக்காரனிடம் சண்டை. "சூட்டுல கெட்டுப்போற சாமான் ஆயிரம் இருக்கு. குளிர்ல கெட்டுப்போனது ஒண்ணு சொல்லு பார்ப்போம்" என்பார். யாரும் சொன்னதில்லை. அவரிடம் நின்று பதில் சொல்ல யாருக்கு நேரம்?

சில சமயம் மதிய வெயிலில் சரக்கு இளகிவிடும். அதற்கும் வழி இருந்தது. திரும்பக் கொண்டுபோய் ராத்திரி முழுக்க உறைய வைத்தால் மறுநாள் பழையபடி கல்லாக வந்து நிற்கும். வாயில் வைத்தால் கொஞ்சம் மணல் மாதிரி நறநறக்கும். குழந்தைகள் அதற்காக வழக்குப் போட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு டீச்சரின் ஒரே மகள் மனைவியாக வந்தாள். அவளாகவே விரும்பி வந்தாள். டீச்சர் விரும்பவில்லை. மகளுக்குப் பாங்க்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வரப்போவதாக அவர் கூட வேலை பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு யாராவது, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டால், "குளிர்பதனத் துறையில இருக்கார்" என்பார். பொய் சொன்னதாக டீச்சர் மேல் ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது.

குழந்தைகள் பிறக்கவில்லை. அது பற்றி அந்த வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவும் இல்லை. ஒரு நாள் காலையில் துணி உலர்த்த மாடிக்குப் போன மனைவி பாதிப் படியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவாள் என்று கீழே நின்ற ஐஸ்காரர் நினைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அதற்குப் பிறகு இந்த உலகத்தில் ஐஸ்காரருக்கு உறவு என்று மிஞ்சியது மாமியார். மாமியாருக்கு மிஞ்சியது ஐஸ்காரர். இரண்டு பேருமே இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கவில்லை.

டீச்சர் முதியோர் இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். மருமகன் வீட்டில் வந்து இருக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஐஸ்காரர் கூப்பிடவே இல்லை என்பது வேறு விஷயம். கூப்பிட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியும் என்பதால் அந்தச் சிரமம் மிச்சமானது. ஆனால் ஞாயிறு தவறாமல் ஐஸ்காரர் போனார். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவார்.

"வந்தீங்களா மாப்பிள்ளை?"

"வந்தேன் அத்தை."

பிறகு ஒரு மணி நேரம் இருவரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

"கிளம்பறீங்களா?"

"கிளம்பறேன்."

இவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் ஒரு வாரம் அவர் வர அரைமணி தாமதமானால், டீச்சர் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனதாக நர்ஸ் சொல்வாள். டீச்சர் அதை மறுப்பார்.

ஐஸ்கிரீம் கம்பெனியை மூடியதும் ஐஸ்காரருக்குத் தடுப்பூசிக் கிடங்கில் டிரைவர் வேலை கிடைத்தது. குளிர்ச் சாமான் ஏற்றி இறக்கிப் பழக்கம் உள்ள ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தகுதிதான் பின்னால் வினையாயிற்று. கிடங்கைக் கவனித்துக்கொண்ட அம்மா, பெரிய குரல் இல்லாத, ஆனால் சொன்னதை மூன்றாவது தடவை சொல்லும் வழக்கமும் இல்லாத மனுஷி. முதல் நாளே உறைபெட்டியிலிருந்து, தண்ணீர் அடைத்து உறைய வைத்த ஒரு ஐஸ்பேக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதை எடுத்ததும் மருந்துப் பெட்டியில வைக்கக் கூடாது. வெளியில வச்சுக் காத்திருக்கணும். மேல தண்ணி வியர்த்து வரணும். அப்புறம் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. உள்ள தண்ணி சலசலன்னா அப்ப வைக்கலாம்."

"வியர்த்தா குளிர் போயிடுமே அம்மா."

"கொஞ்சம் போகணும். இந்த மருந்துக்கு வெயிலும் ஆகாது, உறையறதும் ஆகாது. உறைஞ்சா செத்துரும். திரும்ப உருகி வந்தா வெளியில பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. உயிரோட இருக்கற மாதிரியேதான் இருக்கும்."

ஐஸ்காரர் தலையாட்டினார். நல்ல கெட்டியான குளிரை மேஜைமேல் உட்கார வைத்து வீணாக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தார். வருஷக்கணக்கில் செய்தார். கை கற்றுக்கொண்டது. மனசு மட்டும், இதெல்லாம் படித்தவர்கள் பொழுதுபோகாமல் சொல்வது என்று ஒரு ஓரத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

போன குளிர்காலத்தில் இல்லத்துக்கு யாரோ ஒருவரின் சொந்தக்காரர் இருமிக்கொண்டே வந்து, இருமிக்கொண்டே போனார். அந்த வாரமே ஃப்ளூ காய்ச்சல் அறை அறையாகப் புகுந்து வந்தது. இளவட்டங்களுக்கு அது நாலு நாள் படுக்கை, ஒரு வாரம் சலிப்பு. இங்கே இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. டீச்சரின் பக்கத்து அறையில் இருந்தவர் போனார். எதிர் அறையில் இருந்தவரும் போனார். டீச்சருக்கோ ரொம்ப வருஷமாகவே நெஞ்சில் இழுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஐஸ்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு டாக்டர் வந்து, "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். "மருமகன்" என்றார். "மகன், மகள் யாரும் இல்லையா?" என்று டாக்டர் திரும்பக் கேட்டார். ஐஸ்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

டீச்சர் பிழைத்து வந்தார். வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாடு தட்டில் வந்து வாசலில் உட்காரும். ஹாலுக்கு வருவதில்லை, சீட்டாட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ்காரர் நாற்காலியை நடையில் போட்டுக்கொள்ள, டீச்சர் உள்ளே உட்கார்ந்து கதவை ஒரு சாண் திறந்து வைப்பார். பேச்சு குறையவில்லை. குறைவதற்கு அதில் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு சாண் இடுக்கில் தெரிந்த முகம் வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டும் என்று இல்லத்து நர்ஸ் தலைகீழாக நின்றாள். டீச்சர் மசியவில்லை.

"வயசானவங்க, இழுப்பு உள்ளவங்க, இவங்களைத்தான் டீச்சர் அது முதல்ல புடிக்குது. வரவே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டுப் போகாது. அதுக்குத்தான் சொல்றேன்."

"மருந்து மேல எனக்குச் சந்தேகம் இல்ல. அதை எவனோ ஒருத்தன் வண்டியில தூக்கிப் போட்டு, வெயில்ல நிறுத்திட்டு, டீ குடிக்கப் போயிருப்பான். கெட்டுப்போனதைக் கொண்டாந்து என் கையில குத்துவீங்க."

நடையில் உட்கார்ந்திருந்த ஐஸ்காரர், "நான்தான் அத்தை கொண்டு வர்றேன்" என்றார்.

இடுக்கில் தெரிந்த கண் அவர்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"நீங்களா? மத்த விஷயத்துல எப்படியோ, சில்லுன்னு கொண்டுவந்து சேர்க்கறதுல உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. சரி, போட்டுக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வாயால் அவர் வாங்கிய முதல் நற்சான்று இது. ஐஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கில் பெருக்குகிறவரிடம் சொன்னார், வாசல் காவலரிடம் சொன்னார், பெட்ரோல் போடுகிறவரிடமும் சொன்னார். பெட்ரோல்காரருக்கு இதில் என்ன விசேஷம் என்று விளங்கவில்லை.

ஊசி போடும் நாளன்று பருவம் தப்பிய வெயில் கொளுத்திற்று. இல்லத்துக்குப் போகும் சாலையை வேறு தோண்டிப் போட்டிருந்தார்கள். ஐஸ்காரர் ஐஸ்பேக்குகளை எடுத்து மேஜைமேல் பரப்பினார். அவை வியர்க்கத் தொடங்கவில்லை. அவருக்குத்தான் வியர்த்தது. கிடங்கு அம்மா உள்ளே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஐஸ்காரர் மேஜையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், டீச்சரை நினைத்துக்கொண்டார். பரப்பியதை எல்லாம் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, உறைபெட்டியின் அடியில் கிடந்த, கையைச் சுடுகிற குளிரில் இருந்த பேக்குகளாகப் பொறுக்கி எடுத்தார். பெட்டிக்குள் நாலு பக்கமும் நெருக்கி அடுக்கி, நடுவில் மருந்துக் குப்பிகளை இறுக்கி வைத்தார். மாமியாருக்குப் போகிற மருந்து, கொஞ்சம் கூடுதல் குளிர் இருக்கட்டுமே என்று நினைத்தார். அதில் கள்ளம் கபடம் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த அன்பு அந்த வடிவத்தில்தான் வரும்.

தோண்டிப் போட்ட சாலையில் வண்டி ஊர்ந்து, நின்று, ஊர்ந்து, ஒருவழியாக இல்லத்து வாசலுக்கு வந்தது. பழக்கதோஷத்தில் பெட்டியைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தார். ஒட்டியது. தோல் இழுபட்டது. சந்தோஷமாக ஒரு குப்பியை எடுத்தார். உள்ளே மருந்து வெள்ளைக் கல்லாக நின்றது. அடுத்ததை எடுத்தார். அதுவும் கல். ஐஸ்கிரீமாக இருந்திருந்தால் பாராட்டு வாங்கியிருக்கும்.

உள்ளே நர்ஸ் காத்திருந்தாள். டீச்சர் ரொம்ப நாளைக்குப் பிறகு கதவை முழுசாகத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். ஐஸ்காரர் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். உருகினதைத் திரும்ப உறைய வைத்து ஊருக்கெல்லாம் விற்றவர்தானே. உறைந்ததைத் திரும்ப உருக்கினால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். கேள்வியும் அவர், பதிலும் அவர். தீர்ப்பு சாதகமாக வந்ததில் வியப்பில்லை. குப்பிகளை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கல் கரைந்து, தெளிந்து, பழையபடி ஆனது.

நர்ஸ் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லா சில்லுன்னு இருக்குங்க" என்றாள்.

ஐஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் அவருக்குப் பரிந்து பேச நமக்கும் வாய் வரவில்லை. வாயைத் திறக்க அவகாசம் இருந்தது. நர்ஸ் ஊசியில் மருந்து ஏற்றும் வரைக்கும் இருந்தது, டீச்சர் கையை நீட்டும் வரைக்கும் இருந்தது. அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர்தான் முதலில் போட்டுக்கொண்டார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார். டீச்சரே போட்டுக்கொண்டாரே என்று மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து நீட்டினார்கள்.

"பலன் வர ரெண்டு வாரம் ஆகுமாம். அப்புறம் நான் ஹாலுக்கு வந்துடுவேன்" என்றார் டீச்சர்.

அந்த நாட்களில் ஐஸ்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் கிடங்கு அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். மருந்து உறைஞ்சுபோயி, திரும்ப உருகினா, முழுசா செத்துருமா? பாதி கீதி ஏதாவது மிஞ்சுமா?"

"பேச்சுக்குன்னா, குப்பையில போடணும். நிஜமா நடந்திருந்தா சொல்லுங்க."

"பேச்சுக்குத்தான்" என்றார் ஐஸ்காரர்.

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வண்டியைக் கழுவப் போய்விட்டார். அது ஏற்கெனவே கழுவிய வண்டி.

இரண்டு வாரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நடையில் நாற்காலி இல்லை. அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஓடினார். டீச்சர் தலைவாரி, நல்ல புடவை கட்டி, சீட்டு மேஜையில் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற தபால்காரர் போட்ட கணக்கு தப்பு என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். தபால்காரர் நடுநடுவே கைக்குட்டைக்குள் இருமினார். நெஞ்சுக்கூடு அதிர்கிற இருமல். டீச்சர் நாற்காலியை இம்மிகூட நகர்த்தவில்லை.

"எனக்கென்ன பயம்? நான்தான் போட்டுக்கிட்டாச்சே" என்று சொல்லிச் சிரித்தார்.

டீச்சர் இப்படிச் சிரித்து ஐஸ்காரர் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. குறிப்பாக அன்றைக்குப் பார்த்ததில்லை.

"அத்தை, கொஞ்சம் உள்ள வாங்க."

"ஆட்டம் முடியட்டும்."

"இப்பவே வாங்க."

அவர் மாமியாரிடம் அந்தக் குரலில் பேசியதே கிடையாது. டீச்சர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். அறைக்குள் போனதும் ஐஸ்காரர் கதவைச் சாத்தினார்.

"அந்த மருந்து செத்துப்போச்சு அத்தை."

"எந்த மருந்து?"

"உங்களுக்குப் போட்டது. நான் கொண்டு வந்தது. வழியில உறைஞ்சுபோச்சு. கையில வச்சுத் தேய்ச்சு, உருக்கி, நர்ஸுகிட்ட கொடுத்துட்டேன்."

"அது உறையக் கூடாதா?"

"கூடாது."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க."

டீச்சர் அவரைப் பார்த்த பார்வை, கரும்பலகையில் தப்பான விடையை எழுதிவிட்டு நிற்கிறவனைப் பார்க்கும் பார்வை.

"தெரிஞ்சும் ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"உங்களுக்குன்னு கொஞ்சம் கூடக் குளிர் வச்சேன்."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். மூச்சு இழுத்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நீங்க சொல்லாம இருந்தா?"

"தெரியவே தெரியாது."

"அப்ப எதுக்குச் சொல்றீங்க?"

ஐஸ்காரர் ஹால் பக்கம் கையைக் காட்டினார். "அந்தாளு இருமறார். நீங்க பக்கத்துல போய் உட்கார்ந்திருக்கீங்க" என்றார்.

டீச்சர் எழுந்து, கதவைத் திறந்து, அவர் வெளியே போகக் காத்திருந்து, சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஒரு சாண் இடுக்குகூட விடவில்லை.

அங்கிருந்து ஐஸ்காரர் நேரே நர்ஸிடம் போய்ச் சொன்னார். நர்ஸ் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு அவளே நாற்காலியில் உட்கார்ந்து, "உடம்புக்குக் கெடுதல் இல்ல. ஆனா போட்டதும் போடாததும் ஒண்ணுதான். எல்லாருக்கும் திரும்பப் போடணும்" என்றாள். தபால்காரரைத் தனி அறைக்கு அனுப்பினாள். நல்லவேளையாக அவருக்கு வந்தது சாதாரணச் சளி. அது ஐஸ்காரரின் சாமர்த்தியம் இல்லை.

கிடங்கு அம்மா சத்தம் போடவில்லை. "பேச்சுக்குன்னு கேட்டீங்களே, அன்னிக்கே எனக்கு உறுத்துச்சு" என்றார். மேலதிகாரி, விசாரணை முடியும்வரை அவர் வண்டியைத் தொடக் கூடாது என்றார். பெட்டிகளைக் கழுவுகிற வேலையில் போட்டார்கள். கழுவினார். கழுவின பெட்டிகள் பளபளத்தன.

புது மருந்து வேறு டிரைவரோடு இல்லத்துக்குப் போனது. ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை.

"போன தடவை செத்ததைக் குத்தினீங்க. இது உயிரோட இருக்குன்னு யார் பார்த்தது?" என்றார் ஒருவர்.

"செத்த ஊசிக்கே எனக்குக் கை வலிச்சுதே" என்றார் தபால்காரர்.

நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். குளிர்காலம் வாசலில் நின்றது. பக்கத்துத் தெருக்களில் காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது. கடைசியில் டீச்சரின் தாழ்போட்ட கதவுக்கு வெளியே போய் நின்றாள். முதல் தடவை எல்லோரும் டீச்சரைப் பார்த்துத்தானே நீட்டினார்கள்.

"யார் கொண்டு வந்தது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"வேற டிரைவர்ங்க டீச்சர். ரொம்பப் பொறுப்பான ஆள். தப்பே பண்ண மாட்டார்."

"பண்ணினா சொல்லுவாரா?"

நர்ஸ் கையிலிருந்த பேர்ப் பட்டியலை மடித்தாள்.

"எங்க மாப்பிள்ளை சொன்னார்" என்றார் டீச்சர். "யாரும் கேக்கல. யாருக்கும் தெரியவும் தெரியாது. அவராவே வந்து சொன்னார். தப்பு பண்ணாத ஆளை நான் எங்க போய்த் தேட? பண்ணினா சொல்ற ஆள் ஒருத்தர் இருக்கார். அவர் கொண்டு வரட்டும், நான் போட்டுக்கறேன்."

நர்ஸ் இதைக் கிடங்கு அம்மாவிடம் சொன்னாள். கிடங்கு அம்மா மேலதிகாரியிடம் சொன்னார். வண்டியை வேறு டிரைவர் ஓட்ட, ஐஸ்காரர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வரலாம் என்று முடிவானது. அன்றைக்கு ஐஸ்பேக்குகள் மேஜைமேல் வியர்த்து முடிக்கும்வரை ஐஸ்காரர் எதிரில் கைகட்டி நின்றார். ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தார். பிறகு கிடங்கு அம்மாவின் காதருகேயும் ஆட்டிக் காட்டினார்.

ஹாலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஐஸ்காரர் பெட்டியை நடு மேஜையில் வைத்துத் திறந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குப்பிகளை எடுத்து வைத்தார். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. டீச்சர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். நர்ஸ் பஞ்சால் துடைத்தாள்.

"இரு" என்றார் டீச்சர். ஐஸ்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"யாரு, நானா?"

"வயசாச்சு. சக்கரை வேற இருக்கு. போட்டுக்கிட்டீங்களா, இல்லையா?"

"நான் கொண்டுவந்து கொடுக்கற ஆள்தானே அத்தை."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடவா போட்டுக்கல?" என்றாள் நர்ஸ்.

"யாரும் கேக்கல" என்றார் ஐஸ்காரர்.

உண்மைதான். கேட்கக்கூடிய ஒருத்தி மாடிப்படியில் உட்கார்ந்ததோடு சரி. அதற்கப்புறம் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, இருமினாரா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. அது ஒரு குறை என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை.

டீச்சர் ஏற்றிய கையை இறக்கிவிட்டார்.

"முதல்ல அவருக்குப் போடு."

"டீச்சர், இது இங்க இருக்கறவங்களுக்குன்னு கொடுத்தது."

"குப்பிக்குப் பத்து பேருன்னா, கடைசிக் குப்பியில ஒருத்தருக்கு மிஞ்சும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

"எனக்கென்ன அத்தை ஆகப் போகுது? நீங்க போட்டுக்குங்க" என்றார் ஐஸ்காரர்.

"என் பொண்ணுக்கும் என்ன ஆகப் போகுதுன்னுதான் நினைச்சேன்." டீச்சரின் குரலில் பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. "அவ போயிட்டா. எனக்குன்னு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களையும் அனுப்பிட்டு, நான் காய்ச்சல் இல்லாம இங்க உட்கார்ந்து என்ன பண்ணட்டும்?"

தபால்காரர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதைத் தூக்கிக்கொண்டு வந்து டீச்சர் பக்கத்தில் போட்டார். ஐஸ்காரர் அதில் உட்கார்ந்து சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். கண்ணில் நீர் மறைத்ததால் பொத்தான் சட்டென்று வரவில்லை. டீச்சர் கையை நீட்டி அதைக் கழற்றிவிட்டார்.